வற்றாப்பளை: பிள்ளை கேட்டும் நீதி கேட்டும் போகிற கோயில்

வன்னியில் பிள்ளைப் பாக்கியம் வேண்டி மக்கள் போகிற கோயில்கள் பல உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரான், வவுனியா வடக்கில் புளியங்குளத்துக்கு அருகே புதூர் நாகதம்பிரான், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், வற்றாப்பளை கண்ணகை அம்மன் ஆகியவை அவற்றில் நன்கு அறியப்பட்டவை. கடைசி இரண்டையும் ஒரே நாளில், வழிகாட்டி ஒருவரோடு போன சிறு குழுவில் ஒருத்தியாகப் போய்ப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் கண்டதையும், இந்தக் கோயில்களைப் பற்றிப் பொதுவாக அறிந்துகொள்ள வேண்டியதையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

நாங்கள் பதினொரு பேர். புலம்பெயர் நாடுகளில் பிறந்து வளர்ந்த இளையவர்கள் நால்வர், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஆசிரியைகள் மூவர், கல்யாணம் முடித்து ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லாத கிளிநொச்சித் தம்பதி, நான், எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் முள்ளியவளைக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

யப்பானில் இருந்து வந்த கேள்வி

மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பியதும் வானுக்குள் பேச்சு தொடங்கியது. இளையவர்களில் ஒருவர் யப்பானில் சுற்றுலா போனபோது பார்த்த சின்டோ கோயில் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அங்கே வழிகாட்டிகள் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கவும் விட்டார்களாம். “எங்கட ஆக்களிட்டயும் இப்பிடி ஏதும் இருக்கா சேர்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது உலகறிந்த வழிபாடுதான். நகோயா நகருக்கு அருகே கொமாக்கியில் தகதா கோயில் இருக்கிறது. வருடந்தோறும் மார்ச் 15ஆம் திகதி அங்கே ‘ஹோனென்’ திருவிழா நடக்கும். அந்தச் சொல்லுக்கு விளைச்சல் பெருகிய ஆண்டு என்று பொருள். சுமார் இரண்டரை மீற்றர் நீளத்தில் மரத்தில் செதுக்கிய ஆண்குறி வடிவத்தைத் தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். அதை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செதுக்குகிறார்கள். பக்கத்து ஊரான இனுயாமாவில் உள்ள ஓஅகதா கோயில் பெண்மையின் வளத்துக்குரியது. தோக்கியோவுக்கு அருகே கவசாகியில் உள்ள கனயாமா கோயிலில் ஏப்ரல் முதல் ஞாயிறன்று நடக்கும் கனமரா திருவிழாவும் இதைப் போன்றதே. அங்கே சேரும் பணத்தில் ஒரு பங்கு எச்.ஐ.வி. தொடர்பான பணிகளுக்குப் போகிறது.

வெளியில் இருந்து போகிறவர்களுக்கு அந்த ஊர்வலம் வேடிக்கையாகத் தெரியும். வயலில் நெல் விளைய வேண்டும், வீட்டில் பிள்ளை பிறக்க வேண்டும், பிரசவத்தில் தாய் தப்ப வேண்டும் என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் வேண்டுதல். விளைச்சலும் பிள்ளைப்பேறும் அவர்களுக்கு ஒரே வரம். “அந்தளவில அவையும் நாங்களும் ஒண்டுதான்,” என்றார் வாத்தியார். “எங்கட கதை வேற. அதை இடத்தில வைச்சுச் சொல்லுறன்.”

ஒட்டுசுட்டான்: வேகாத ஓரிடம்

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தல வரலாறு ஒரு கமக்காரனின் கதை. குரக்கன் வெட்டி முடிந்த காணியில் மிஞ்சிய ஒட்டுக்கு அவன் நெருப்பு வைத்தான். எல்லாம் எரிந்தது, ஓரிடம் மட்டும் வேகவில்லை. அதை வெட்டப் போனபோது மண்வெட்டி பட்ட இடத்தில் இரத்தம் வந்தது. தோண்டிப் பார்த்தால் லிங்கம். குரக்கன் ஒட்டைச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆனது. இறைவனுக்கு வேகாவனேஸ்வரர் என்ற பெயரும் வந்தது. யாரும் செதுக்கி வைக்காமல் தானாகத் தோன்றியதால் தான்தோன்றி.

லிங்கத்தைப் பார்த்ததும் இளையவர் தன் கேள்வியைத் திரும்பக் கேட்டார். வாத்தியார் இரண்டு பக்கத்தையும் சொன்னார். லிங்கமும் ஆவுடையாரும் ஆண் பெண் சேர்க்கையின் குறி என்று எழுதிய ஆய்வாளர்கள் பலர். சைவ சித்தாந்தமோ லிங்கத்தை அருவுருவத் திருமேனி என்கிறது. உருவம் இல்லாத இறைவனுக்கும் உருவம் உள்ள இறைவனுக்கும் இடைப்பட்ட நிலை அது. கும்பிட வருகிற சனம் இந்த இரண்டு விளக்கத்துக்கும் காத்திருப்பதில்லை. காடு வெட்டி, எரித்து, விதைத்த மண்ணுக்குள் தெய்வம் இருந்தது, நெருப்பு அதைத் தொடவில்லை என்பதே அவர்களுக்குப் போதும்.

லிங்கம் இருக்கும் இடத்தை யாருடையது என்று கேட்பதும் இன்று வன்னியில் நடக்கிறது. வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரர் கோயிலில் 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி வழிபாட்டின்போது எட்டுப் பேர் கைது செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலைக் காட்டிக் கதை சொல்வதும் பொறுப்பான வேலை. கோயிலைச் சுற்றி இருக்கிற சனம் சொல்கிற கதையைப் பிழையில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும்.

பத்தாவது பளை

முள்ளியவளையைத் தாண்டிப் போனால் நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளை. நூல்களில் கண்ணகி என்று எழுதினாலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஊர் வாயில் அவள் கண்ணகைதான்.

ஐதீகம் இது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள். பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, பின்னர் அது வற்றாப்பளை ஆனது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் அவள் ஒரு கிழவியாக வந்தாள். பசிக்கிறது, தங்க இடம் வேண்டும் என்றாள். சிறுவர்கள் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள், பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கு வைக்கச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்றாள். விளக்கு எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுவதும் ஆயிரம் கண்கள். சிறுவர்கள் மிரண்டு நின்றபோது அவள் மறைந்து போனாள்.

இந்தக் கதையில் அரசர் இல்லை, முனிவர் இல்லை. மாடு மேய்க்கிற பிள்ளைகளிடம்தான் அம்மன் வந்தாள். இடம் பெயர்ந்து வந்த ஒரு கிழவிக்குச் சாப்பாடும் கூரையும் கொடுத்தவர்கள் பிள்ளைகள். பல தடவை இடம்பெயர்ந்து, முன்பின் தெரியாதவர்களின் வளவில் தறப்பாள் கட்டி இருந்த எங்கள் சனத்துக்கு இந்தக் கதை புரிவதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

உப்புநீரில் எரியும் விளக்கு

வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை நடக்கும் பொங்கல்தான் வற்றாப்பளையின் பெருவிழா. மே கடைசியிலோ யூன் முற்பகுதியிலோ அது வரும். அதற்கு இரு கிழமைக்கு முன் பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு காரியங்கள் தொடங்குகின்றன. அடுத்த திங்களன்று தீர்த்தமெடுத்தல். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் இருந்து கால்நடையாகச் சிலாவத்தை தீர்த்தக்கரைக்குப் போய்க் கடல்நீர் எடுத்து வருகிறார்கள். அந்த நீரில் ஏற்றிய விளக்கு காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை எரியும். ஞாயிறன்று அங்கே பொங்கல். அதன் பிறகு மடைப்பண்டத்தோடு விளக்கும் வற்றாப்பளைக்கு வர, திங்களன்று பெரும் பொங்கல் நடக்கும். காவடி, பாற்செம்பு, கற்பூரச் சட்டி, அங்கப்பிரதட்சணை என்று நேர்த்திக்கடன்கள் விடிய விடியத் தொடரும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வன்னியில் காலபோகம் மாரி மழையோடு விதைத்துத் தை, மாசி, பங்குனியில் அரிவு வெட்டி முடியும். வைகாசியில் புது நெல் வீட்டில் இருக்கும், வெயில் உச்சத்தில் இருக்கும், குளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும். அம்மை நோய் பரவுவதும் இந்த வெக்கைக் காலத்தில்தான். கண்ணகி மதுரையை எரித்த சூட்டோடு வந்தவள் என்பது நம்பிக்கை. அவளைக் குளிர்விக்க வேண்டும். அவள் குளிர்ந்தால் மழை வரும், அம்மை இறங்கும், கரு தங்கும், வயல் விளையும். மட்டக்களப்பில் இந்தச் சடங்கின் பெயரே குளிர்த்தி. அங்கே ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து விளையாடும் கொம்புமுறியும், தென்னிலங்கையில் பத்தினி தெய்யோவுக்காக ஆடும் அங்கெளியவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சிங்கள மக்களின் பத்தினி தெய்வமும் இந்தக் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவனை 2ஆம் நூற்றாண்டின் கஜபாகு என்று கொள்வது வழக்கம். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் பத்தினி வழிபாட்டைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அங்கே பல கண்ணகை கோயில்கள் காலப்போக்கில் இராசராசேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியும் மட்டக்களப்பும் பழைய பெயரை விடவில்லை. முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுவதும் அந்தத் தொடர்ச்சியின் ஒரு பகுதி.

பிள்ளை இல்லாத தெய்வத்திடம் பிள்ளை கேட்பது

யாழ்ப்பாணத்து ஆசிரியைகளில் ஒருவர் கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. “கண்ணகிக்குப் பிள்ளை இல்லை. அவவிட்ட ஏன் பிள்ளை கேக்கினம்?”

உண்மைதான். சிலப்பதிகாரக் கண்ணகி தாய் அல்ல. கணவனைக் கள்வன் என்று பழி சுமத்தி அரச ஆணையால் கொன்றார்கள். அவள் ஒற்றைச் சிலம்போடு அரச சபைக்குப் போய் அதை உடைத்துக் காட்டினாள். உள்ளே இருந்த பரல் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சாட்சியம் அங்கேயே வெளிப்பட்டது. பிறகு இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டிய உறுப்பு ஊரை எரித்தது. மக்கள் அந்த நெருப்பைக் கண்டு ஓடிவிடவில்லை. பொங்கல் வைத்து, குளிர்த்தி பாடி, அவளைத் தாயாக்கிக்கொண்டார்கள். தென்னிலங்கையிலும் பத்தினி கருவுற்ற பெண்களுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் காவலாக இருக்கிற தெய்வம்.

வாத்தியார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். “தனக்குக் கிடைக்காததைத்தான் அவ மற்றவைக்குக் குடுப்பா எண்டு சனம் நம்புது. இன்னொண்டும் இருக்குப் பிள்ளை. அவவுக்கு அநியாயம் எண்டால் என்னெண்டு தெரியும். அது தெரிஞ்ச ஆளிட்டத்தான் எங்கட சனம் எதையும் கேக்கும்.”

வன்னியின் வளக் கோயிலை வேறு நாட்டுக் கோயில்களில் இருந்து பிரித்துக் காட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். இங்கே உயிர் கேட்கிற தெய்வமும் நீதி கேட்ட பெண்ணும் ஒருத்திதான்.

தொட்டில்

பிள்ளை வரம் கேட்கிற முறைகள் வன்னிக் கோயில்களில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்த்தி வைப்பது, சின்னத் தொட்டில் செய்து மரக்கிளையில் கட்டுவது, திங்கள் அல்லது வெள்ளி விரதம் இருப்பது. நாகதம்பிரான் கோயில்களில் பால் வைப்பார்கள். நாகதோஷத்தால்தான் பிள்ளை தங்கவில்லை என்று சாதகம் பார்க்கிறவர்கள் சொல்வதால், நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் புதூருக்கும் புளியம்பொக்கணைக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். புளியம்பொக்கணையில் பங்குனி உத்தரப் பொங்கல் பேர்போனது. பிள்ளை பிறந்த பின் கோயிலில் கொண்டுபோய்ச் சாமிக்கு விற்று வாங்குவார்கள். மொட்டை அடிப்பார்கள், பாற்செம்பு எடுப்பார்கள்.

கோயில் வீதியில் ஒரு பெண் கிளையில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். கூட வந்த மாமியார் நிழலில் நின்றார். இளையவர்களில் ஒருவர் கைபேசியை உயர்த்தினார். வாத்தியார் கையைக் காட்டி மறித்தார். “தம்பி, மரத்தை எடுங்கோ, கோபுரத்தை எடுங்கோ. அந்தப் பிள்ளையை எடுக்க வேண்டாம். அவ உலகத்துக்குச் சொல்ல வரேல்ல, அம்மாளிட்டச் சொல்ல வந்திருக்கிறா.” அவர் உடனே கைபேசியை வைத்துவிட்டார். யப்பானில் தங்கள் திருவிழாவைத் தாங்களே விரும்பி உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். இங்கே பிள்ளை இல்லாத பெண்ணை இன்னும் மலடி என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. அவளுடைய படம் முகநூலில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் நாங்கள் நடந்துகொள்ள வேண்டும்.

சற்றுத் தள்ளி, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றைப் பையில் வைத்திருந்த வயதான அம்மா ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். மகனைக் கேட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னார். புதிதாகப் பிள்ளை கேட்கிறவரும், பெற்ற பிள்ளை எங்கே என்று கேட்கிறவரும் ஒரே வாசலில் நின்றார்கள்.

2009க்குப் பிறகு

வற்றாப்பளைக்கு எதிர்க்கரையில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம்தான் முள்ளிவாய்க்கால். விளக்குக்கு நீர் எடுக்கிற அதே கடல் 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. நாலரை வருடத்துக்குப் பிறகு, 2009 மே நடுப்பகுதியில், மிஞ்சிய சனம் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வெளியேறியது. அந்த வைகாசியில் பொங்க வேண்டிய சனம் வவுனியாவில் முட்கம்பிக்குள் இருந்தது. ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கோயிலுக்கு அடுத்த ஊரான கேப்பாப்புலவின் மக்கள் 2017இலும் இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிகளைக் கேட்டு வீதியோரம் இருந்தார்கள்.

இன்று மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். சில நாட்களிலோ கிழமைகளிலோ வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியைக் குடித்த அதே வீடுகளில் இருந்து பொங்கல் பானையும் புறப்படுகிறது. ஒன்று துக்கம், மற்றது கொண்டாட்டம் என்று இவற்றை எங்கள் சனம் பிரித்து வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பெறுவது என்பது போருக்குப் பின்னான வன்னியில் வீட்டுக்குள் அடங்குகிற விடயமும் அல்ல. 2013 ஆகஸ்ட் 31ஆம் திகதி கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் தாய்மாருக்கு, அவர்களுடைய உண்மையான சம்மதம் இல்லாமல், கையில் கருத்தடைக் குளிசை பதிக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அதைப் பற்றிய அறிக்கையும் வெளிவந்தது. பெறுவதா, எப்போது பெறுவது, பெறாமல் விடுவதா என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். ‘இனம் பெருக வேண்டும்’ என்று மேடையில் பேசுகிறவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இழந்த எண்ணிக்கையை நிரப்புகிற கடன் எந்தப் பெண்ணின் வயிற்றுக்கும் இல்லை.

பெற்ற பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரின் போராட்டம் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கியது. சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் தொடர்ந்தது. கிளிநொச்சியில் அவர்கள் உட்கார்ந்த இடம் ஒரு கோயில் வாசல் என்பது தற்செயல் அல்ல. 2018இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. தாய்மார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பதில் கிடைக்காமலே பெற்றோர் பலர் இறந்து போனார்கள். ஒரு கையில் படத்தோடு அரசிடம் போய்க் கேட்கிற தாயைப் பார்த்தால், சிலம்போடு சபைக்குப் போனவளை நினைக்காமல் இருக்க முடியாது. கண்ணகியின் சாட்சியத்தைப் பாண்டியன் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டான். எங்கள் தாய்மாரின் சாட்சியம் கோப்புகளில் கிடக்கிறது.

வைத்தியமும் நேர்த்தியும்

திரும்பி வரும்போது கிளிநொச்சித் தம்பதியோடு பேசிக்கொண்டு வந்தேன். ஆறு வருடத்தில் அந்தத் தங்கச்சி போகாத கோயில் இல்லை, பார்க்காத சாத்திரம் இல்லை. கணவர் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குப் போனதில்லை. “எனக்கு என்ன குறை?” என்று கேட்டார் அவர்.

இதை நேராகவே எழுத வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் குழந்தைப்பேறின்மையை எதிர்கொள்கிறார். பிள்ளை இல்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். ஆணுக்குரிய முதல் பரிசோதனை விந்துப் பரிசோதனை. அது எளிது, நோவில்லை. செல் துண்டு உடம்பில் உள்ளவர்கள், முள்ளந்தண்டில் காயம் பட்டவர்கள் வன்னியில் ஏராளம். முள்ளந்தண்டுக் காயமும் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட காயங்களும் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக் கூடியவை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலும் செய்யக்கூடிய வைத்தியமும் உண்டு. கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் எந்த வைத்தியசாலையின் பெண்ணோயியல் பிரிவுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வார்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நேர்த்தி வைத்துவிட்டுப் போனால் மனதில் ஒரு ஆறுதலும் பொறுமையும் வருகிறது. ஆனால் நேர்த்திக்கும் சாத்திரத்துக்கும் பெண்ணை மட்டும் வருடக்கணக்காக அனுப்பிவிட்டு ஆண் வீட்டில் இருந்தால், கைவிட்டுப் போவது காலம். வாத்தியார் முன் இருக்கையில் இருந்து திரும்பாமலே சொன்னார்: “தம்பி, அம்மாளுக்கு நேர்த்தி வைச்சாச்சு. இனி நீங்கள் டொக்டரிட்டப் போறதுதான் மிச்சம். ரெண்டு பேருமாப் போங்கோ.” அவர் ஓம் என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

போகிறவர்களுக்கு

மாங்குளம் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியால் வந்தால் ஒட்டுசுட்டானும் முள்ளியவளையும் வழியிலேயே வரும். முள்ளியவளையில் இருந்து வற்றாப்பளைக்குத் திரும்பலாம். மூன்று கோயிலையும் ஒரு நாளில் பார்க்கலாம். முதலில் ஒட்டுசுட்டான், பிறகு காட்டா விநாயகர், கடைசியாக வற்றாப்பளை என்று போனால் கதை ஒழுங்காக விளங்கும்.

பொங்கல் நாளில் இலட்சக்கணக்கான சனம் கூடும். சடங்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் அன்று போகலாம். கோயிலையும் நந்திக்கடல் கரையையும் ஆறுதலாகப் பார்க்க, ஊர்க்காரரோடு பேச, வேறொரு திங்கட்கிழமை நல்லது. வேட்டி, சேலை அல்லது முழுக்கால் மூடிய உடுப்போடு போக வேண்டும். செருப்பை வெளிவீதியில் கழற்றிவிட வேண்டும். தொட்டில் கட்டுகிறவர்களையும் அழுகிறவர்களையும் படம் எடுக்கக் கூடாது. கிளையில் உள்ள தொட்டிலைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது, அது இன்னொருவரின் வேண்டுதல்.

ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். நேரமிருந்தால் முள்ளிவாய்க்காலுக்கும் போங்கள். இரண்டு கரையையும் பார்க்காமல் நந்திக்கடலைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உப்புநீர் விளக்கின் அற்புதத்தோடு கதையை முடித்துவிடக் கூடாது. சபையில் சிலம்பை உடைத்துக் காட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மண்ணில் பிள்ளை கேட்கிறவர்கள் ஏன் அவளிடம் போகிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும்.